சூடே ஆகக் கூடாத வண்டி

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்க வீட்டுக்காரரோட பைக்கை மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போய் விடணும்.

தள்ளிக்கிட்டு! ஸ்டார்ட் பண்ணாம! அதுதான் முக்கியம்.

வண்டிக்கு என்ன நோவுன்னா, கொஞ்ச தூரம் ஓடிச் சூடாயிட்டா சிக்னல்ல தானா ஆஃப் ஆயிடும். அப்புறம் முப்பது உதை உதைச்சாத்தான் உசுரு வரும். இதனாலேயே அவரு இங்க மைசூர் ஹெப்பாள்ல இருக்கிற கம்பெனிக்கு ரெண்டு நாள் லேட்டு. "இன்னொரு நாள் லேட்டா வந்தா, வேற வேலை பாத்துக்கோ"ன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாராம். நேத்து மட்டும் கூட வேலை பாக்குறவர் வண்டியில தொத்திக்கிட்டுப் போனாரு. அந்தக் கூட வேலை பாக்குறவருக்கு இன்னைக்கு லீவு. அதனால நேத்தே வண்டி சரியாகியே ஆகணும்.

மெக்கானிக் சித்தண்ணா சொன்னது இதுதான்: "டேப்பட் பாக்கணும். இன்ஜின் தலைக்குள்ள வால்வு இருக்கு, அதுக்கும் அதை அமுக்குற இரும்புக் கைக்கும் நடுவுல ஒரு முடி கணக்கா இடைவெளி வேணும். சூட்டுல இரும்பு விரிஞ்சுக்கும், அளந்தா தப்பா வரும். ராத்திரி பூரா ஆறின வண்டியா காலைல தள்ளிக்கிட்டு வாங்க. ஒரு மணிக்கு நான் நஞ்சன்கூடு போகணும், மச்சினனுக்கு நிச்சயதார்த்தம்."

சரின்னு எட்டு மணிக்குக் கிளம்பினேன். மூணு வயசுப் பாப்பாவை வீட்டுல விட ஆள் இல்ல, சீட்டு மேல உக்கார வெச்சேன். நான் தள்ளுறேன், அவ "புர்ர்ர்"னு சத்தம் குடுக்குறா.

இங்க ஒரு விஷயம் சொல்லிடணும். வெளி ஆளுங்க ஏதாவது கேட்டா எனக்கு வாய் வராது. தலைதான் ஆடும். அதுவும் மேலயும் கீழயும் மட்டும்தான் ஆடும், பக்கவாட்டுல ஆடவே ஆடாது.

தெருமுனை மளிகைக்கடைக்காரர் எட்டிப் பாத்தாரு. "ஏனம்மா, பெட்ரோல் காலியா?"

டேப்பட்டைக் கன்னடத்துல எப்படி விளக்குறது? தலையாட்டிட்டேன்.

மனுஷன் ஓடிப் போய், தன் ஸ்கூட்டர்ல இருந்து அரை பாட்டில் புடிச்சுக்கிட்டு வந்து எங்க டேங்குல ஊத்திட்டாரு! "வேணாங்க"ன்னு சொல்லக்கூட விடல.

நூறடி போனேன். பஞ்சர் கடைக்காரர் கேட்டாரு, "காத்து இல்லியா?"

தலையாட்டிட்டேன்!

பாப்பாவைத் தூக்கி ஸ்டூல்ல உக்கார வெச்சு, ரெண்டு டயருக்கும் காத்து அடிச்சு விட்டாரு. இப்ப வண்டியில பெட்ரோலும் இருக்கு, காத்தும் இருக்கு. ஆனாலும் நான் தள்ளிக்கிட்டுத்தான் போறேன். போறவங்க வர்றவங்க எல்லாம் என்னைப் பரிதாபமா பாக்குறாங்க.

பாதி வழியில ஸ்டெல்லா அக்கா வந்தாங்க. பின்தெருவுல இருக்கிற நர்ஸ் அக்கா. ஆஸ்பத்திரி டியூட்டி முடிச்சு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வர்றாங்க. அவங்க பேச ஆரம்பிச்சா நடுவுல ஒரு நூல் நுழையாது.

"என்னடி இது, கொழந்தையை மேல வெச்சு வண்டியைத் தள்ளிட்டிருக்க? ஸ்டார்ட்டிங் டிரபுளா?"

நான் "இல்லக்கா, சூடு..."ன்னு ஆரம்பிச்சேன்.

"சூடா? ஆமா, எட்டரைக்கே என்ன வெயிலு! நகரு, நான் பாக்குறேன்!"

பையை என் கையில குடுத்தாங்க. ஒரே உதைதான். ராத்திரி பூரா ஆறின வண்டி, கும்முனு ஸ்டார்ட் ஆயிடுச்சு. பாப்பா கை தட்டுறா.

"உக்காரு!"

நான் உக்காந்தேன். ஆமாங்க, உக்காந்துட்டேன்! பாப்பாவை நடுவுல வெச்சுக்கிட்டு ஜம்முனு உக்காந்துட்டேன்.

"ரொம்ப நாளா சும்மா நின்ன வண்டிடி இது. நல்லா ஓட விட்டாத்தான் சரியாகும்"னு சொல்லி நேரா கடைக்குக்கூடப் போகல. மெயின் ரோட்டுல ரெண்டு ரவுண்டு அடிச்சுட்டுத்தான் போனாங்க. சரியா கடை வாசல்ல வந்து வண்டி ஆஃப் ஆச்சு.

ஸ்டெல்லா அக்கா இறங்கி ரொம்ப அக்கறையா சொன்னாங்க: "இதுல ஏதோ கோளாறு இருக்கு. நல்ல மெக்கானிக்கிட்ட காட்டு."

சித்தண்ணா வந்து இன்ஜின் மேல கை வெச்சாரு. வெச்ச கையை உதறினாரு.

"ஏன்ரீ அம்மா! ஆறின வண்டி கேட்டா அடுப்பைக் கொண்டு வந்திருக்கீங்க! மூணு மணி நேரம் தொட முடியாது."

மணி ஒன்பது தாண்டிடுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பாப்பாவோட தண்ணி பாட்டிலைத் தொறந்து இன்ஜின் பக்கம் போனேன்.

"அய்யோ பேடா, வேணாம்!"னு கத்திக்கிட்டே ஓடி வந்து பாட்டிலைப் புடுங்கிட்டாரு. "சூட்டுல தண்ணி பட்டா விரிசல் விட்டுடும்!"

அப்புறம் வண்டியை ரோட்டோர மரத்து நிழலுக்குத் தள்ளி, ஒரு அட்டையை வாங்கி விசிற ஆரம்பிச்சேன். கல்யாணமாகி அஞ்சு வருஷத்துல வீட்டுக்காரருக்குக்கூட அப்படி விசிறினது கிடையாது.

பதினொன்றரை மணி. இன்ஜின் நல்லா ஆறிக்கிட்டு வருது. அப்பத்தான் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் வந்தாரு. "இங்க நிறுத்தக்கூடாது. ஸ்டார்ட் மாடி, ஸ்டார்ட் பண்ணி எடுங்க."

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தலை மட்டும் ஆடுது. அவரு பொறுமை போய், தானே சீட்டுல ஏறி, சாவியைத் திருப்பி, கிக்கர் மேல காலை வெச்சாரு.

எங்கிருந்து வந்துச்சோ தெரியல அந்தக் குரல்.

"ஸ்டார்ட் மாடபேடி! ஸ்டார்ட் பண்ணாதீங்க!"

தெருவே திரும்பிப் பாத்துச்சு. சித்தண்ணா கையில இருந்த ஸ்பேனர் கீழ விழுந்துடுச்சு. போலீஸ்காரர் காலைத் தூக்கினபடியே அப்படியே நிக்கிறாரு.

வாயைத் தொறந்த பிறகு நிறுத்த முடியல எனக்கு. "ஸ்டார்ட் பண்ணா சூடாகும்! சூடானா டேப்பட் பாக்க முடியாது! பாக்கலன்னா நாளைக்கு சிக்னல்ல நின்னுடும்! நின்னா எங்க வீட்டுக்காரர் வேலை போயிடும் சார்!" பாதி தமிழு, பாதி கன்னடம், மீதி அழுகை.

போலீஸ்காரர் மெதுவா இறங்கினாரு. குரலைத் தாழ்த்திக்கிட்டு சித்தண்ணாகிட்ட கேட்டாரு, "டேப்பட்டா? என் வண்டியும் சிக்னல்லதான் நின்னுடுது. அதுக்கும் இதுதானா?"

அப்புறம் அவரே ஒரு பக்கம் புடிச்சுக் கடைக்குள்ள தள்ளி விட்டுட்டுப் போனாரு.

பன்னெண்டேகாலுக்கு சித்தண்ணா வந்தாரு, நிச்சயதார்த்தத்துக்குப் போட வெச்சிருந்த வெள்ளைச் சட்டையோட. கொழந்தைக்குக் காய்ச்சல் பாக்குற மாதிரி புறங்கையை இன்ஜின் மேல வெச்சாரு. "ஆறிடுச்சு."

மூடியைக் கழட்டி, காகிதம் மாதிரி ஒரு இரும்புத் தகட்டை இடுக்குல விட்டாரு. போகவே இல்ல. "பாருங்க, இடைவெளியே இல்ல. வால்வை மூடவே விடாம அமுக்கிக்கிட்டு இருக்கு."

ஒரு நட்டைத் தளர்த்தி, குட்டி ஸ்க்ரூவைத் துளி திருப்பி, மறுபடியும் தகட்டை விட்டாரு. லேசா உரசிக்கிட்டே உள்ள போச்சு. நட்டை இறுக்கினாரு. அவ்வளவுதான் வேலை! இருபது நிமிஷம்! ஒரு மணிக்கு அவரு நஞ்சன்கூடு பஸ் ஏறிட்டாரு, சட்டைக் கையில கிரீஸோட. ஷிஃப்ட் முடிச்சு வந்த எங்க வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கிட்டாரு.

இன்னைக்குக் காலைல கம்பெனி வாசல்ல இருந்து போன் பண்ணாரு. "ஒரு சிக்னல்லயும் நிக்கல! கேட்டே இன்னும் தொறக்கல, நான்தான் மொத ஆளு!"

அதனால உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். டேப்பட் பாக்க வண்டியை ஆறினபடியே கொண்டு போகணும்னா, மைசூர்ல பகல்ல தள்ளாதீங்க. இந்த ஊர்ல நல்லவங்க ரொம்ப ஜாஸ்தி.