வீட்டுச் சாப்பாடு மாதிரி

லிஃப்ட்காரர் அந்தச் சபதத்தை எடுத்தது நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில். ஓர் அலுவலகக் கட்டடத்தில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டின் கூரைமேல் ஏறி நின்று, கையெல்லாம் கிரீஸோடு, இன்று சாயங்காலம் மனைவியிடம் ஒரு விவாதத்திலாவது ஜெயித்தே தீருவது என்று தீர்மானித்தார். அந்தரத்தில் எடுத்த முடிவு. அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

விஷயம் இதுதான். லிஃப்ட் கம்பெனி இரண்டு ஊர்களில் புதுக் கிளை திறக்கிறது. ஒன்று துறைமுக நகரம், மற்றது மலை நகரம். இரண்டில் ஒன்றுக்கு அவர் மேற்பார்வையாளராகப் போகலாம், எது என்று அவரே சொல்லலாம். காலையில் மேனேஜர் கேட்டதும், கேள்வி முடிவதற்குள், "துறைமுகம் சார்" என்று சொல்லிவிட்டார்.

"வீட்ல கேட்டுட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

"எங்க வீட்ல நான் சொன்னா சொன்னதுதான் சார்."

மேனேஜர் அதை எழுதிக்கொள்ளாமல் பேனாவை மூடினார். அவருக்கும் கல்யாணமாகியிருந்தது. எதற்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கே போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்கிறேன் என்றார்.

துறைமுகத்தின்மேல் லிஃப்ட்காரருக்கு அப்படி என்ன காதல் என்று கேட்டால், ஹோட்டல்கள். ஒருமுறை பயிற்சிக்காக அங்கே ஒரு வாரம் தங்கியிருந்தார். பயிற்சியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பது ஞாபகமில்லை. ஆனால் கடற்கரைத் தெருவில் எந்த ஹோட்டலுக்கு அடுத்தது எந்த ஹோட்டல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்த வாரத்தில் ஏறிய எடை இன்னும் இறங்கவில்லை. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் இறக்கத் தெரிந்தவருக்கு இதை மட்டும் இறக்கத் தெரியவில்லை.

மலை நகரத்துக்கும் ஒரு முறை போயிருக்கிறார். அங்கே இரண்டே ஹோட்டல். ஒன்று எப்போதும் மூடியிருக்கும். தெருமுனையில் இருக்கும் இன்னொன்று திறந்திருக்கும், அதுதான் அதன் குறை.

மனைவிக்கு மலைதான் வேண்டும். கிளை பற்றிய பேச்சு அடிபட்டபோதே, போன வாரமே சொன்னாள். "மலைக்குப் போலாங்க, அங்க எங்க ஆபீஸ்ல..." என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் அப்போது கடற்கரைத் தெருவின் வறுத்த மீனை நினைத்துக்கொண்டிருந்ததால் மிச்சம் காதில் விழவில்லை. "பார்க்கலாம்" என்றார். அந்த வீட்டில் அவள் 'பார்க்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். அவர் சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது.

அவளோடு வாதாடுவது லேசான காரியமில்லை. துணி துவைக்கும் இயந்திரம் விற்கும் கம்பெனியில் புகார் பிரிவில் இருக்கிறாள். குடியிருப்பில் எல்லாரும் 'புகார் அம்மா' என்றுதான் சொல்வார்கள். நாள் முழுக்கப் போனில் யாராவது அவளிடம் கத்துவார்கள். அவள் எதிர்த்துப் பேசமாட்டாள். அவர்கள் சொன்னதையே பதமாகத் திருப்பிச் சொல்லி, "நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனா?" என்பாள். எதிராளி "ஆமா" என்பார். இன்னும் கொஞ்சம் திருப்பிச் சொல்வாள். இன்னொரு ஆமா. மூன்றாவது ஆமா விழுந்தால் புகார் முடிந்தது. கத்த ஆரம்பித்தவர் நன்றி சொல்லிப் போனை வைப்பார். இயந்திரம் அப்படியே ஓடாமல் கிடக்கும்.

இத்தனை வருஷத்தில் லிஃப்ட்காரரும் அப்படிப் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறார். அதனால்தான் இந்த முறை ஒரு நடுவரை ஏற்பாடு செய்தார். எதிர்வீட்டுப் பல் டாக்டர். துறைமுகத்தில் படித்தவர், மலையில் வேலை பார்த்தவர், இரண்டு ஊர்ச் சாப்பாட்டையும் சொந்தப் பல்லால் மென்றவர். போன மாதம் டாக்டரின் சிகிச்சை நாற்காலி, ஒரு நோயாளியோடு மேலே போய் இறங்க மறுத்தபோது ஓடிப்போய் இறக்கி வைத்தவர் லிஃப்ட்காரர்தான். அந்த நன்றிக்கடன் தீர்ப்பாக வரும் என்று காதோடு காதாகப் பேசி முடித்திருந்தார்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு டாக்டர் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தார். மேசைமேல் போன். சுவரில் கடிகாரம். ஆறு அடிப்பதற்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும். வராமல் போன் வந்தால், கேட்காமலே வாக்குக் கொடுத்தது வெளியே வந்துவிடும்.

மனைவி கைப்பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாலும் ரெண்டு பேரும் ஒத்துக்கணும்" என்றார் லிஃப்ட்காரர்.

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஒரு ஊர் நல்ல ஊரான்னு எதை வெச்சுச் சொல்றது? அந்த ஊர் ஹோட்டலை வெச்சுத்தான்."

"பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணி வசதி இதெல்லாம் பார்க்க வேண்டாமா?"

"தண்ணியும் ஹோட்டல்லதான் கேக்காம கொண்டாந்து வெப்பான்."

"இது பாயிண்ட்" என்றார் டாக்டர்.

"சரி. எந்த ஊர்ல ஹோட்டல் சாப்பாடு ஒசத்தியோ, நாம அந்த ஊருக்குத்தான் போகணும். நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனா?"

"ஆமா" என்றார் லிஃப்ட்காரர். சொன்ன பிறகுதான் திக்கென்றது. ஒன்று விழுந்துவிட்டது. இனி வாயிலிருந்து அந்த வார்த்தை வரக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"துறைமுகத்துல காலையில கடல்ல நீந்தின மீன் மத்தியானம் தட்டுக்கு வந்துடும். மலைக்கு அது லாரியில ஏறி வரணும். வந்து சேர்றதுக்குள்ள அதுக்கு வயசாயிடும்."

"மலையில சூப்பு நல்லா இருக்குமாமே?"

"அந்தக் குளிருக்குச் சுடுதண்ணி குடிச்சாலும் நல்லாத்தான் இருக்கும். அது சூப்போட பெருமை இல்ல, குளிரோட பெருமை."

"சரி, அங்க கூட்டம் இருக்காது. போனதும் இடம் கிடைக்கும்."

"கூட்டம் இல்லாத ஹோட்டலும் வண்டி வராத ரோடும் ஒண்ணு. ஏதோ காரணம் இருக்கும்."

டாக்டர் முன்னால் சாய்ந்தார். "தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. உங்க வாதம் எல்லாம் கொஞ்சம் சொத்தை. அடைக்கவும் முடியாது, பிடுங்கத்தான் வேணும்."

லிஃப்ட்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஜெயிப்பது என்றால் இப்படித்தான் இருக்குமா என்று ஆச்சரியமாக இருந்தது. கடிகாரம் ஆறுக்குப் பத்து நிமிஷம் காட்டியது. மனைவி எழுந்து உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தாள். தட்டு நிறைய டாஃபி.

"ஆபீஸ்ல கொடுத்தாங்க டாக்டர். எடுத்துக்குங்க."

ஊருக்கெல்லாம் இனிப்பு வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே ஏங்கிப்போன மனுஷர். இரண்டை எடுத்து ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார்.

"நேரமாச்சு. தீர்ப்பைச் சொல்லுங்க டாக்டர்" என்று அவசரப்பட்டார் லிஃப்ட்காரர்.

டாக்டர் சொல்லப் பார்த்தார். மேல் தாடையும் கீழ் தாடையும் டாஃபியில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. "ம்ம்... ம்மு..." என்றார். துறைமுகத்தில் 'து'கூட வரவில்லை. விரலை விட்டு எடுக்கப் பார்த்தார். ஊர் வாயையெல்லாம் திறக்க வைத்தவர் தன் வாயைத் திறக்க முடியாமல் கண்கலங்கினார்.

"அவர் மெதுவா சாப்பிடட்டும்" என்றாள் மனைவி. குரல் தேனாக இருந்தது. "நீங்க சொல்லுங்க. அந்தக் கடற்கரைத் தெரு ஹோட்டல்ல அப்படி என்னதாங்க விசேஷம்? எனக்கும் ஆசையா இருக்கு."

அது புகார் பிரிவுக் குரல். அவர் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஆனால் மனம் ஏற்கெனவே கடற்கரைத் தெருவில் இலவசமாக நடந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படிச் சொல்றது? எண்ணெய் மிதக்காது. காரம் அளவா இருக்கும். எவ்வளவு தின்னாலும் வயித்தைக் கெடுக்காது. ஒரே வார்த்தையில சொல்லணும்னா, அப்படியே வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும்."

டாக்டர் வாயிலிருந்து விரலை எடுத்தார். தவளை தன் வாயால் கெடும் என்று அவருக்குத் தெரியும். எச்சரிக்கலாம் என்றால் வாயில்லை.

"அப்ப ஒரு ஹோட்டல் ஒசத்தியான்னு பார்க்கணும்னா, அது வீட்டுச் சாப்பாட்டுக்கு எவ்வளவு கிட்ட வருதுன்னு பார்க்கணும். நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனா?"

லிஃப்ட்காரர் கண்ணைத் திறந்தார். பேச்சு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது தெரிந்தது. இல்லை என்றால் வீட்டுச் சாப்பாடு மட்டம் என்றாகிவிடும். அதைச் சொல்லிவிட்டு இன்று ராத்திரி எங்கே போய்ச் சாப்பிடுவது? ஆமா என்றால் இரண்டாவது. அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கூரையைப் பார்த்தார்.

"ஆ...மா."

"அப்ப வீட்டுச் சாப்பாடே கிடைக்கிற ஊர்தான் ஒண்ணாம் நம்பர்."

இங்கே ஒரு சந்து தெரிந்தது. லிஃப்ட்காரர் பாய்ந்து நுழைந்தார். "அது என்ன பெரிய விஷயம்? நீ எந்த ஊர்ல இருந்தாலும் அந்த ஊர்ல கிடைக்கும். துறைமுகத்துலயும் கிடைக்கும்."

"நான் இருக்கிற ஊர்தான் ஒண்ணாம் நம்பர்னு சொல்றீங்க. சரியா?"

மனைவியைப் பார்த்து இதற்கு இல்லை என்று சொல்லத் துணிந்த கணவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

"ஆமா" என்றார்.

போன் அடித்தது. லிஃப்ட்காரர் தாவினார். அதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"வணக்கம் சார். பேசிட்டோம் சார். மலைதான். இல்ல இல்ல, நான் சொல்லல, அவரே மூணு தடவை ஆமான்னார். எதிர்வீட்டு டாக்டர் சாட்சி."

"ம்ம்" என்றார் சாட்சி.

போனை வைத்தாள். லிஃப்ட்காரருக்குக் கோபம் வந்தது, கூடவே பயமும். "நீ மலையில இருக்கப் போறேன்னு யார் சொன்னா?"

"நான்தான் சொன்னேன். போன வாரமே." இப்போது அந்தத் தேன் குரல் இல்லை. "அங்க எங்க ஆபீஸ்ல புகார் பிரிவுக்கு என்னைத் தலைமையாப் போடறாங்க. பத்து வருஷமா அடுத்தவங்க கத்தறதைக் கேட்டுக்கிட்டு இருந்தேங்க. யார் கத்தினாலும் முழுசாக் கேட்டேன். உங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் சொன்னேன், நீங்க பார்க்கலாம்னீங்க."

லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. மீன் நினைப்பில் தவறவிட்ட பாதி வாக்கியம் இதுதானா என்று வெட்கமாக இருந்தது. சமாளிக்க ஏதாவது சொல்ல நினைத்தார்.

"அதில்லம்மா, மேனேஜர் திடீர்னு..."

"மேனேஜர் மத்தியானமே எனக்குப் போன் பண்ணிட்டார். அவர் வீட்டு மிஷினும் எங்க கம்பெனிதான். 'உங்க வீட்ல அவர் சொன்னா சொன்னதுதானாமே, நிஜமா?'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன். சாயங்காலம் அவரே சொல்வார், ஆறு மணிக்குக் கூப்பிடுங்கன்னேன்."

அந்த நேரம் பார்த்து டாக்டரின் தாடைகள் விடுபட்டன. "துறைமுகம்!" என்று கத்தினார்.

"புகார் முடிஞ்சு போச்சு டாக்டர்" என்றாள் அவள். "வேற ஏதாவது உதவி வேணுமா?"

மலை நகரத்துக்குக் குடிபோனார்கள். தலைமைப் பொறுப்பு என்றால் மத்தியானம் போய் ராத்திரி திரும்புகிற வேலை என்பது போன பிறகுதான் லிஃப்ட்காரருக்குத் தெரிந்தது. அதுவும் அந்தப் 'போன வாரமே' சொன்ன விஷயத்தில் இருந்ததாம். முதல் நாள் சாயங்காலம் பசியோடு வந்தவர் காலி அடுப்பைப் பார்த்துவிட்டு அவளுக்குப் போன் செய்தார்.

"வீட்டுச் சாப்பாடுன்னா யார் வீட்ல இருக்காங்களோ அவங்க செய்யறதுதானேங்க? நான் சரியா..."

"ஆமா" என்று அவள் முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். தெருமுனை ஹோட்டலுக்குப் போய்ப் பார்த்தார். அது திறந்திருந்தது. ஒரு வாய் தின்றுவிட்டு, மறுநாள் சட்டி வாங்கினார்.

அதற்கப்புறம் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தீய்த்தார், உப்பை இருமுறை போட்டார், ஒருமுறை போடவே இல்லை. ஆனால் விடவில்லை. கடற்கரைத் தெருவை நினைத்துக்கொண்டு, லாரியில் வந்த வயதான மீனை வாங்கி, எண்ணெய் மிதக்காமல், காரம் அளவாகப் போட்டு, ஒரு நாள் நிஜமாகவே நன்றாகச் செய்துவிட்டதாக நினைத்தார். அவள் வந்ததும் பரிமாறிவிட்டு, பரீட்சை எழுதியவர் போல மேசை ஓரத்தில் நின்றார். அவள் முதல் வாயை நிதானமாக மென்றாள். தண்ணீர் குடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"அப்படியே தெருமுனை ஹோட்டல் சாப்பாடு மாதிரி இருக்குங்க."