அப்பா வெட்டிய ஃபிரில்

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உன் கடைசித் தங்கை வணக்கத்தோடு எழுதுவது. நானும் அப்பாவும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் நலம். மீதியைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைப்பாய், உன் மாமியார் அங்கிருந்தே "என்னவாம் அவளுக்கு?" என்று கேட்பார்கள். இது ஸ்பீக்கரில் போடுகிற சமாசாரம் இல்லை.

முதலில் என் கண்ணில் பட்டது நாற்காலிதான். அப்பா தன் கையால் குஷன் வைத்துத் தைத்த சோபாவில், மாப்பிள்ளையைக் கூட உட்காரவிடாத அந்த மூலையில் உட்காராமல், பிளாஸ்டிக் நாற்காலியைச் சமையலறையிலிருந்து இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு "சோபா முதுகெல்லாம் வேர்க்குது" என்றார். ஊரெல்லாம் குஷன் மாஸ்டர் என்று கூப்பிடுகிற மனிதர் சொல்கிற பேச்சா இது? அப்புறம் பார்த்தால் தன் கர்ச்சீப்பைக் கூடத் துவைத்தறியாதவர், நான் எழுவதற்குள் தன் துணியையெல்லாம் தானே அலசிக் கொடியில் போட்டிருக்கிறார். காலையில் நான் ஊற்றி வைக்கிற தண்ணீர் சாயங்காலம் வரை அப்படியே இருக்கிறது. தான் வேலை பார்த்த சோபாப் பட்டறைப் பக்கம் போவதே இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலமானால் அங்கே போய் நான்கு பேரைத் திட்டிவிட்டு வந்தால்தானே அவருக்குச் சாப்பாடு இறங்கும்? பட்டறைக்காரர்கள் தங்கள் மேல்தான் ஏதோ கோபம் என்று நினைத்து, சமாதானத்துக்கு ஆப்பிள் வாங்கி அனுப்பினார்கள். அவர் குளியலறை வாசலில் தலைசுற்றி உட்கார்ந்த அன்றுதான் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். புராஸ்டேட் வீங்கியிருக்கிறது, மாத்திரை மெதுவாகத்தான் கேட்கும், அதுவரை கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கிட்னி போய்விடும், பெரியவர்கள் போட்டுக்கொள்கிற டயப்பர் வாங்கிக் கொடும்மா என்று. அப்பா கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததிலிருந்து தையல் கடைக்குச் சட்டைப் பட்டன் காஜா எடுத்துக் கொடுக்கிறேனே, அந்தக் கடைக்காரரிடம் இன்று வரை நூல் தீர்ந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னதில்லை, காலி உருளையைத்தான் நீட்டுவேன். மருந்துக்கடைக்குப் போனால் எப்போதும் கூட்டம். ஒவ்வொரு தடவையும் என் முறை வந்ததும் இருமல் மிட்டாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் இப்போது இருமல் மிட்டாய்க்குப் பஞ்சமில்லை, இருமத்தான் ஆளில்லை. கடைசியில் அந்தக் கடைக்கார அக்கா தனியாக இருந்த நேரம் பார்த்து, அலமாரியைக் கையால் காட்டினேன்.

"யாருக்கும்மா?"

"ஒருத்தருக்கு."

"ஒருத்தருக்குன்னா? குழந்தையா, பெரியவங்களா?"

"பெரியவங்க."

"எவ்ளோ பெரியவங்க?"

நான் என் தலைக்கு மேலே கையைத் தூக்கி அப்பாவின் உயரத்தைக் காட்டினேன். அந்த அக்கா கடையிலேயே பெரிய சைஸை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதில் அப்பாவோடு நானும் நுழைந்துகொள்ளலாம்.

பொட்டலத்தை அப்பாவின் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.  மறுநாள் பார்க்கிறேன், சாப்பாட்டு மேஜையில் ஒன்றை மல்லாத்திப் போட்டு, கத்திரிக்கோலால் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருப்பதை விரலால் நசுக்கிக்கொண்டிருக்கிறார்.

"பஞ்சுக்குள்ள சக்கரை மாதிரி என்னமோ கலந்திருக்கான். தண்ணி ஊத்தினேன், அப்படியே கூழாயிடுச்சு. சரக்கு நல்ல சரக்குதான்."

"அப்ப போட்டுக்கலாமில்லப்பா?"

"போட்டுக்கலாம். ஆனா தொடைகிட்ட எதுக்கு ரெண்டு பக்கமும் சுருக்கு வெச்சு ஃபிரில்? நான் என்ன கல்யாணப் பொண்ணு உட்கார்ற சோபாவா?"

சொல்லிவிட்டு அந்தப் பொட்டலம் முழுவதையும் எடுத்து, ஒன்று விடாமல் உள்பக்கத்து ஃபிரிலையெல்லாம் வெட்டி எறிந்தார் அக்கா. என்ன சுத்தமான வெட்டு தெரியுமா? ஒரு பிசிறு இல்லை. அதைப் போட்டுக்கொண்டார், அது தொடை வழியாக ஒழுகியது. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். கனம் போதவில்லை என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டைப் போட்டார், அப்போதும் ஒழுகியது. உள்ளே இருந்தது நிரம்பி வழிந்ததே தவிர வெளியே இருந்தது கடையில் இருந்தபடியே காய்ந்து கிடந்தது, உள்ளே இருப்பதன் முதுகு பிளாஸ்டிக் என்றால் தண்ணீர் எப்படித் தாண்டிப் போகும்? இதற்கிடையில் நடந்தால் சரசரவென்று சத்தம், தொடையெல்லாம் சிவந்து புண். "போதும், இனிமே நான் வாசல் தாண்ட மாட்டேன், யாரும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். தண்ணீரை மறுபடியும் நிறுத்திவிட்டார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. வெட்டியதில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், கூட்டம் இருக்கிறதா என்று கூடப் பார்க்காமல் மேஜை மேல் வைத்தேன்.

"ஐயோ, இந்த ஃபிரிலை யாரு வெட்டினது?"

"எங்கப்பா."

கடையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் செத்துவிடவில்லை. கடைக்கார அக்கா சிரித்து முடித்துவிட்டு, பொறுமையாக எல்லாம் சொன்னார். ஒழுகாமல் தடுப்பதே அந்த ஃபிரில்தானாம், போட்டதும் விரலால் நிமிர்த்திவிட வேண்டுமாம். சைஸை உயரத்தை வைத்து வாங்கக்கூடாது, இடுப்புச் சுற்றளவை வைத்து வாங்க வேண்டும், பெரிதாக இருந்தால் இடைவெளி விட்டு ஒழுகும். நடமாடுகிறவருக்குப் பகலில் ஜட்டி மாதிரி மாட்டுகிற மெல்லிசு போதும், வெளிப்பக்கம் துணி போல இருப்பதாக வாங்கினால் சத்தம் வராது, ராத்திரிக்கு மட்டும் கனமானது, நனைந்தால் உடனே மாற்றிவிட வேண்டும், புண்ணுக்குத் தடவ ஒரு களிம்பு. சொன்னபடியே எல்லாம் வாங்கிக்கொண்டேன், சரி, இதை அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது? வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்து, கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, குஷன் ஓரத்துல பைப்பிங் வைக்காம விட்டா என்ன ஆகும்?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "ஓரம் வாயைப் பொளந்துக்கிட்டு உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வரும். எந்த மடையன் பைப்பிங் இல்லாம விட்டான்?"

நான் பையிலிருந்து அந்த வெட்டிய டயப்பரை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அவரே எழுந்து உட்கார்ந்தார்.

"அதுதான் அந்த ஃபிரிலா?"

"ஆமாம்பா."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில என்ன, இருமல் மிட்டாயா?"

புதியதை மாட்டி, எழுந்து, உட்கார்ந்து, குனிந்து எல்லாம் சோதனை செய்து பார்த்தார். "தையல் உறுத்தலை" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு எந்தக் கம்பெனிக்கும் கிடைக்காது. ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். இன்று சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிப் போயிருக்கிறார். இருட்டப்போகிறது, இன்னும் வரவில்லை. அங்கே ஏதாவது ஆகி யாராவது சிரித்துவிட்டால், இந்த மனிதர் இனி வாசல் பக்கமே வரமாட்டார். கை சும்மா இருந்தால் பயமாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இது நம் மூவரைத் தாண்டிப் போகக்கூடாது. மாமாவிடம் கூடச் சொல்லாதே. பட்டறையில் எல்லோருக்கும் அப்பாவுக்கு முட்டிவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன், யார் கேட்டாலும் நீயும் முட்டி என்றே சொல். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

மாமாவுக்கும் உன் மாமியாருக்கும் என் வணக்கம். குழந்தைக்கு முத்தங்கள்.

உன் அன்புத் தங்கை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அப்பா வந்துவிட்டார். தனியாக வரவில்லை. பட்டறைத் தச்சரும் பாலிஷ் போடுகிற மாமாவும் கூடவே வந்து வாசலில் நிற்கிறார்கள். "முட்டிவலின்னு யாருடி சொன்னது? இவனுங்க தைலம் வாங்கி வெச்சுக்கிட்டு, நான் போனதும் வேட்டியைத் தூக்கித் தேய்க்கக் காலைப் பிடிச்சுட்டானுங்க. அப்புறம் உண்மையைச் சொல்லாம என்ன பண்றது?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். சொன்ன பிறகுதான் தெரிந்ததாம், பாலிஷ் மாமா இதே பயத்தில் பஸ் ஏறியே வெகுகாலம் ஆகிறதாம், தச்சர் வேலைக்கு வரும்போது மாற்றுத் துணி எடுத்துக்கொண்டுதான் வருவாராம், ஒருவருக்கொருவர் மூச்சு விட்டதில்லை. "நம்ம சின்னவளுக்கு எல்லாம் தெரியும், கேளுங்கடா" என்று என்னைக் காட்டுகிறார். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, "முதல்ல யாருக்கு இடுப்பு அளவு பார்க்கணும்?" என்று கேட்டேன்.