ஆணி அடிக்க விடமாட்டேன்

"இது குதிரைக்குப் பூட்ஸா, குளிக்கிற வாளியா?" என்று கேட்டார் அண்ணன்.

ரொட்டிக்கடைக்காரி கடை வாசலில் மண்டியிட்டு, மட்டக்குதிரை சீமாட்டியின் முன்னங்காலை மடியில் வைத்து ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டுவதில் ஒரு சிரமமும் இல்லை. அதுதான் சிரமம். குளம்பு முழுக்க உள்ளே போன பிறகும் ஒரு பன் வைக்க இடமிருந்தது.

தப்பு அவளுடையதுதான். சீமாட்டியின் குளம்பு கண்டபடி வளர்ந்து கிடந்தபோது அளவெடுத்து ஆர்டர் கொடுத்தாள். பூட்ஸ் வருவதற்குள் குளம்பைச் சீவிவிட்டாள். முடி வெட்டுவதற்கு முன்னால் தொப்பி வாங்கிய கதை.

"இது என் குதிரைக்குத்தான் சரியா இருக்கும். பேசாம ரெண்டு லாடம் அடிச்சிடுறேன், தங்கச்சி."

"ஆணி அடிக்க விடமாட்டேன்."

அண்ணனின் தொழிலே லாடம் அடிப்பதுதான். போன தடவை அவர் அடித்த ஆணி ஒன்று சதையில் ஏறி, சீமாட்டி பல நாள் நொண்டினாள். அதிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டாலே நடுங்குவாள். பக்கத்து வீட்டில் படம் மாட்டினால்கூட இங்கே ஒரு குதிரைக்கு உடம்பு உதறும்.

ஆனால் வெறுங்குளம்போடு சரளைக்கல்லில் ஏறினால் கூசும் என்பது ரொட்டிக்கடைக்காரிக்கும் தெரியும். மலைமேல் இருக்கும் விடுதிக்குத் தினமும் ரொட்டி போயாக வேண்டும்.

"இன்னைக்குப் பூட்ஸோட மேலே போய்ச் சேர்ந்துட்டா, லாடம்னு வாயே திறக்கக் கூடாது" என்றாள்.

"சேரலைன்னா நாளைக்குக் காலையில சுத்தியல். இரும்புதான்மா எல்லாத் தரையிலயும் நிக்கும்."

சீமாட்டிமேல் ரொட்டிக் கூடையை ஏற்றி அவளும் கணவரும் புறப்பட, அண்ணனும் தன் குதிரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். லாடச் சாமான் பையை எடுத்துக்கொள்ளவில்லை. வாயை மட்டும் கொண்டு வந்தார்.

தார் ரோட்டில் அவர் குதிரையின் லாடம் 'டக் டக்' என்று மிடுக்காகப் போனது. சீமாட்டியின் பூட்ஸ் 'சளப் சளப்' என்றது. மாமனாரின் செருப்பைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த மாதிரி நடந்தாள்.

"ஏங்க, சாக்ஸைக் கழட்டுங்க" என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

"என்னோடதா?" என்றார் கணவர்.

"வேற யாரு இங்க சாக்ஸ் போட்டிருக்கா?"

பச்சைக் கோடு போட்ட சாக்ஸ் இரண்டும் குதிரையின் முன்னங்கால்களில் ஏறின. மேல் விளிம்பு பூட்ஸுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. சளப் நின்றது. சரளைக்கல்லில் சீமாட்டி ராணி மாதிரி நடந்தாள்.

"நொண்டுது! நொண்டுது!" என்று பின்னாலிருந்து கத்தினார் அண்ணன்.

"நல்லாப் பாருண்ணே. நொண்டுறது என் வீட்டுக்காரரு."

வெறுங்காலில் ஷூ போட்ட கணவருக்குக் குதிகாலில் கொப்புளம்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு வேணும்னா ஒரு லாடம்..."

"அவருக்கும் ஆணி அடிக்க விடமாட்டேன்!"

அடுத்தது ஓடை. பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. புகுந்தது வெளியே வரவில்லை. சாக்ஸ் ஊறி, காலுக்கு ஒரு குடம் கட்டியதுபோல் ஆனது. ரொட்டிக்கடைக்காரி ரொட்டிக் கத்தியை எடுத்தாள். தண்ணீர் வடியட்டும் என்று பூட்ஸின் அடியில் ஓட்டை போட்டாள். தண்ணீர் வடிந்தது. அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்த பார்வையில் ஒரு பட்டமளிப்பு விழாவே இருந்தது.

பிறகு சேறு வந்தது.

தண்ணீர் வெளியே போன வழியில் சேறு உள்ளே வந்தது. கால் ஒவ்வொன்றும் 'பொளக்' என்று பிடுங்கிக்கொண்டு எழுந்தது. நாலு காலும் முட்டிவரை கறுப்பு. எது பூட்ஸ், எது குளம்பு என்று கடவுளுக்கும் தெரியாது. கணவர் கயிற்றைப் பிடித்து இழுக்க, அவள் ரொட்டிக் கூடையைத் தாங்க, ஒருவழியாகக் கரையேறினார்கள். அண்ணன் சேற்றிலேயே குனிந்து எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே தேடுற?"

"ஒண்ணுமில்ல. நீ போ. பின்னாலேயே வரேன்."

பாறைப் பாதையில் ஏறும்போது அவளுக்கு ஒன்று புரியவில்லை. 'டக் டக்' சத்தத்தையே காணோம். திரும்பிப் பார்த்தால் அண்ணன் வந்துகொண்டுதான் இருந்தார். ரொம்பத் தள்ளி, ரொம்ப மெதுவாக, பேச்சே இல்லாமல். 'தோல்வி வந்தா மனுஷன் எவ்வளவு அடக்கமாயிடுறான்' என்று நினைத்து, அவளுக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது.

விடுதி வாசலில் காவலாளி ரொட்டியை இறக்கி வைத்துவிட்டு வாளித் தண்ணீரோடு வந்தார்.

"நல்லா ஊத்துங்க. பூட்ஸ் பளிச்சுனு தெரியணும்" என்றாள்.

காவலாளி ஊற்றினார். சேறு வழிந்தது. வழிய வழியக் குளம்புதான் தெரிந்தது.

குதிரையை மதில் மூலையில் கட்டிவிட்டு வந்த அண்ணனுக்குக் குரல் திரும்பி வந்தது. "எங்கேம்மா பூட்ஸு? பேச்சு என்ன? பூட்ஸோட வந்து சேரணும்! நாளைக்குக் காலையில சுத்தியல்!"

அந்தச் சொல்லுக்கே சீமாட்டியின் தோல் சிலிர்த்தது. ரொட்டிக்கடைக்காரி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண் கலங்கியதே தவிர, வாய் கலங்கவில்லை.

"பாதி வழியை வெறுங்காலோட ஏறியிருக்காண்ணே! ஒரு தடவைகூட நொண்டல. வேற பூட்ஸ் வாங்குவேன். அது கழண்டா இன்னொண்ணு வாங்குவேன். ஆணி மட்டும் அடிக்க விடமாட்டேன்!"

"எத்தனை வாங்கினாலும் சேறு உருவிடும். சேறோ, கல்லோ, இரும்புன்னா நிக்கும். தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், கேளு."

காவலாளி மிச்சத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் மதில் மூலைக்குப் போனார்.

"அதுக்கு வேண்டாம்! வேண்டாம்யா!" என்று அண்ணன் ஓடுவதற்குள் வாளி கவிழ்ந்துவிட்டது.

காவலாளி கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டும்ங்க... உங்க குதிரை எதுக்குப் பச்சைக் கோடு போட்ட சாக்ஸ் போட்டிருக்கு?"