மௌனத்துக்கு விழுந்த பொன்னாடை

கலையில் புதுமை செய்ய நினைப்பவர்கள் முதலில் தங்கள் சொந்தக்காரர்களை யோசித்துப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

சென்னையில் பியானோ படித்துவிட்டுக் கம்பத்துக்குத் திரும்பியபோது எனக்குத் தலையைவிடத் தலைக்கனம் பெரிது. என் டீச்சர் இருநூறு வருடத்துப் பழைய ஐரோப்பிய இசையைத் தாண்டி எதையும் தொட விடமாட்டார். எனக்கோ இந்தக் காலத்துப் பியானோ இசையின் மேல்தான் கிறுக்கு. (அதில் கம்பியைச் சுண்டலாம், பலகையைத் தட்டலாம், சும்மாவும் உட்காரலாம். சும்மா உட்காருவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும்.)

ஊரிலேயே பியானோ வகுப்பு தொடங்க ஆசைப்பட்டேன். திராட்சைத் தோட்டக்காரரான அப்பா சுற்றி வளைக்கவில்லை.

"ஒரு கச்சேரி வையி தாயி. பிள்ளைகளச் சேக்க நாலு பேரு வந்தாகன்னா வகுப்பு நடத்து. இல்லேன்னா பெங்களூர்ல கெடச்ச வேலைக்குக் கெளம்பு."

ஏலக்காய் வியாபாரம் செய்யும் சித்தப்பா, குமுளிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் கிடந்த பழைய பியானோவை வாங்கி, வாழைச்சருகு மெத்தையில் வைத்து மலையிறக்கிக் கொண்டுவந்தார். கல்யாண மண்டபம் பிடித்தோம். சொந்தபந்தம் நிரம்பி வழிந்தது.

தெரிந்த பாட்டு ஒன்றை வாசித்திருந்தால் பிழைத்திருப்பேன். நான் வாசித்தது நானே எழுதிய புது இசை. உள்ளே சுத்தியல்கள் கம்பியை அடிப்பது தெரியட்டும் என்று பியானோவின் மேல்மூடியையும் முன்பலகையையும் வேறு கழற்றி வைத்திருந்தேன். நடுவில் ஒரு நீண்ட மௌனம் வரும். கைகளை அந்தரத்தில் நிறுத்தி, ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அப்போது அரங்கத்தில் கேட்கும் சின்னச் சின்னச் சத்தங்கள்தான் இசை.

கைகளைத் தூக்கினேன்.

"பிள்ளைக்கு மறந்துருச்சு போலயே," என்றார் முன்வரிசையிலிருந்த பெரியத்தை, ஊருக்கே கேட்கும் ரகசியக் குரலில்.

"மறக்கலக்கா, முடிஞ்சிருச்சு. கைதட்டுங்க எல்லாரும்!" என்று எழுந்தார் சித்தப்பா.

எங்கள் பக்கம் வெறும் கைதட்டலோடு விடமாட்டார்கள். பொன்னாடை போர்த்தியாக வேண்டும். பெரியப்பா போர்த்தினார். மாமா போர்த்தினார். அப்பாவோடு திராட்சை போடுகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். நான் அசையவில்லை. அசைந்தால் என் கலை செத்துவிடுமே! (எவ்வளவு பெரிய ஞானி பாருங்கள்.) அடுத்தவருக்கு இடம் வேண்டும் என்று சித்தப்பா என் தோளிலிருந்து ஒவ்வொன்றாக உருவிப் பியானோவின் மேல் போட்டார். அவை திறந்த வாய் வழியாக உள்ளே சரிந்தன.

எனக்கு அழுகை முட்டியது. பெங்களூர் கண்முன்னே தெரிந்தது. மிச்சத்தையும் வாசித்துத் தொலைப்போம் என்று வேகமான கடைசிப் பகுதியில் ஆத்திரத்தோடு இறங்கினேன்.

சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே ஜரிகைத் துணி. கணீரென்று ஒலிக்க வேண்டியதெல்லாம் உறுமி மாதிரி திம் திம் என்று அதிர்ந்தது. பின்வரிசையில் ஒரு விசில் கிளம்பியது. சித்தப்பா துண்டைத் தலைக்குமேல் சுழற்றி ஆடத் தொடங்கினார்.

"அங்கன பாருங்க, இப்பத்தான் பிள்ளைக்குக் கையி சரியா விழுகுது!" என்றார் பெரியத்தை.

அப்பாவின் கால்கூடத் தாளம் போட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். அதற்கு முன்னால் நான் அவ்வளவு சந்தோஷமாக வாசித்ததே இல்லை.

மறுநாள் காலையில் வாசலில் பெற்றோர் கூட்டம். "துணி போட்டு அடிக்கிற அந்தப் பியானோவச் சொல்லிக் குடு ஆத்தா," என்றார்கள். அப்பா என்னிடம் போனை நீட்டி, "பெங்களூருக்கு வரலேன்னு சொல்லிரு," என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பேச்சை நடுவில் நிறுத்தினால், உடனே தோளில் ஒரு துண்டு விழும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். நான் கொஞ்சம் யோசித்தேன். அப்பா எழுந்து வந்து துண்டைப் போர்த்திவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அதுதான் எங்கள் வீட்டில் சம்மதம் சொல்லும் முறை என்று நினைத்துக் கைதட்டிவிட்டார்கள். (நல்லவேளை, பிடித்துத்தான் இருந்தது.)