நிம்மதிபுரியின் உறுத்தல் ஒழிப்புச் சட்டம்

மலைக்கும் ஏரிக்கும் நடுவே நிம்மதிபுரி என்றொரு நாடு இருந்தது. குடிசையானாலும் மாளிகையானாலும் அங்கே ஒவ்வொரு வீட்டின் நடுவிலும் சன்னல் இல்லாத சின்ன அறை ஒன்று உண்டு. உள்ளறை என்பார்கள். சாட்சி சொல்வதோ, சண்டைக்குப் போவதோ, பெரிய காரியம் எது வந்தாலும், அதனால் யாருக்கு நோகுமோ அவர் முகத்தை முதலில் நேரில் போய்ப் பார்க்கவேண்டும். பிறகு உள்ளறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியே உட்காரவேண்டும். அதுதான் வழக்கம். உள்ளே ஒரு குரல் கேட்கும் என்பார்கள். தமக்குப் பிடித்ததையே அது சொல்லும் என்று நம்பிப் போனவர்கள் முகம் தொங்கிப்போய்த்தான் வெளியே வந்தார்கள்.

அதனாலேயே அந்த நாட்டு மக்கள் களைத்துப் போயிருந்தார்கள்.

தேர்தல் வந்தது. "உங்கள் பாரத்தை என்னிடம் கொடுங்கள்" என்றார் ஒருவர். "எது சரி, எது தப்பு என்று நீங்கள் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? அரசு பார்த்துக்கொள்ளும்." ஏரித் தண்ணீரைத் தெருத்தெருவாகத் திறந்துவிடும் வேலையில் இருந்த இன்னாசிக்கு அதைக் கேட்டதும் தோளிலிருந்து மூட்டையை இறக்கியது போல இருந்தது. அவரும் வாக்களித்தார். பேசியவர் அதிபதியானார்.

முதல் ஆணையால் மனச்சாட்சித் துறை தொடங்கப்பட்டது. தெருவுக்கு ஓர் அலுவலர் வந்தார். இன்னாசியின் தெருவுக்கு வந்தவர் பெலவேந்திரர். தம்பியோடு மனத்தாங்கல், அவன் மகள் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கலாமா என்று இன்னாசி கேட்டார். "இருக்கலாம்" என்றார் பெலவேந்திரர், ஏட்டைக்கூடப் புரட்டாமல். இன்னாசி போகவில்லை. அன்று வயிறார ஒரு பிடி பிடித்தார்.

அடுத்த ஆணை, அலுவலரைக் கேட்காமல் எவரும் எதையும் முடிவு செய்யக்கூடாது என்றது. மேலத்தெருவில் ஒருவர் கிணற்றில் விழுந்தபோது, எல்லாரும் கயிற்றோடு கிணற்றடியில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நின்றார்கள். அலுவலர் சாப்பாட்டை முடித்து, கை கழுவி, வந்து சேர்ந்து, "தூக்கலாம்" என்றார். தூக்கினார்கள். அடக்கம் செய்யவும் அவரே அனுமதி கொடுத்தார்.

மூன்றாவது ஆணையின்படி உள்ளறைக் கதவுகள் கழற்றப்பட்டன. சாத்திய கதவுக்குப் பின்னால் அரசுக்குத் தெரியாத முடிவுகள் உருவாகின்றன என்று துறை அமைச்சர் மிகுந்த வருத்தத்தோடு அறிவித்தார். கீழத்தெருக்காரர்கள் மட்டும் கழற்ற மாட்டோம் என்றார்கள்.

பெலவேந்திரர் இன்னாசியை அழைத்தார். "கீழத்தெரு வால்வை மூடிவிடு."

"ஐயா, அங்க கைக்குழந்தைங்க இருக்கு."

"குழந்தைகளின் தாகம் வேறு துறையின் கீழ் வருகிறது. இதோ பார், இன்னாசி. பாவமோ புண்ணியமோ, அது துறையைச் சேர்ந்தது. உன்னுடையது கை மட்டும்."

இன்னாசி தம் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு போய் மூடினார்.

மறுநாள் மதியம் அவர் மனைவி ரோசலி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். தண்ணீர் வைக்கவில்லை.

"தண்ணி எங்கே?"

"குடிக்கலாமான்னு பெலவேந்திரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, தரேன்."

"ரோசலி, சும்மா இரு. ஏற்கெனவே அலுப்பா இருக்கு."

"எனக்கும்தான் அலுப்பா இருக்கு. அவங்க முகத்தைப் பார்த்துட்டா மூடினீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"போய்ப் பார்த்துட்டு வாங்க. அதுக்கப்புறமும் மூடித்தான் இருக்கணும்னு உங்களுக்குப் பட்டா, நான் வாயே திறக்கலை."

பாதிச் சோற்றில் எழுந்து கீழத்தெருவுக்குப் போனார். முதல் வீட்டு வாசலில் அன்னம்மாள் காய்ச்சலடிக்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, காய்ந்துபோன துணியால் அதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, குழாய்க்காரரே! சரியா மூடியிருக்கான்னு பார்க்க வந்தீங்களா? ஒரு சொட்டு ஒழுகலை. வேலைன்னா இப்படில்ல இருக்கணும்!"

பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. இன்னாசி வீட்டுக்குத் திரும்பி வந்து, கதவில்லாத உள்ளறையில் உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்களுக்கு அவர் முதுகு தெரிந்தது. ரோசலி வந்து நிலைப்படியில் அவருக்கு முதுகு காட்டி நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"நான் பார்க்கலை. நீங்க இருங்க."

நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. பிறகு, அவர் நினைத்தே பார்க்காத இடத்திலிருந்து வந்தது: தம்பி மகள், கல்யாணப் புடவையில், பெரியப்பா வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அதன் பின்னால்தான் அந்த வெடித்த உதடு.

"ரோசலி, பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? கையும் வலிக்குது. ஆனா நான் உங்களைத்தான் கட்டிக்கிட்டேன். வால்வைக் கட்டிக்கலை."

பட்டப்பகலில் போய் அவர் வால்வைத் திறந்துவிட்டார்.

மாலைக்குள் அமைச்சர் முன்னால் நிறுத்தப்பட்டார். அமைச்சர் கோபப்படவில்லை. குழம்பிப்போயிருந்தார்.

"நீர் பெரும் சிக்கலை உண்டாக்கிவிட்டீர். குடிமக்களுக்கு மனச்சாட்சி இல்லை, அது துறையிடம் இருக்கிறது என்பது சட்டம். உம்மைத் தண்டித்தால் உமக்கு ஒன்று இருப்பதாக அரசே ஒப்புக்கொண்டதாகும். சட்டப்படி பார்த்தால் வால்வைத் திறந்தவர் பெலவேந்திரர்."

மூலையில் நின்ற பெலவேந்திரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆகவே, நாளை மைதானத்தில் நன்றி விழா" என்று தொடர்ந்தார் அமைச்சர். "கீழத்தெருவுக்குத் தண்ணீர் வழங்கிய அதிபதிக்கு நன்றி. நீர் மேடையேறி, அலுவலர் சொன்னார், திறந்தேன் என்றால் போதும். மாலை போடுவோம். கீழத்தெருவிலும் தண்ணீர் ஓடும். யாருக்கும் நட்டமில்லை."

"வேற மாதிரி சொன்னா?"

"அரசு ஊழியர் பொய் சொன்னார் என்று சிறை. பொய்யைத் தண்டிக்க நம்மிடம் சட்டம் இருக்கிறது."

மறுநாள் மைதானம் நிரம்பியிருந்தது. அதிபதி நடுவில் அமர்ந்திருந்தார். இன்னாசி ஒலிபெருக்கி முன்னால் நின்றார். கடைசி வரிசையில் ரோசலி நின்றாள். தலையாட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. அவர் என்ன சொன்னாலும் வீட்டுக்கு அழைத்துப் போகத் தயாராக வந்தவள் போல நின்றாள்.

"யாரும் சொல்லலைங்க" என்றார் இன்னாசி. "நான்தான் திறந்தேன். அதுக்கு முந்தி மூடினவனும் நான்தான். அப்போ அலுவலர் சொன்னார்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன். அதுவும் என்னோடதுதான்."

மைதானத்தில் முனகல் எழுந்தது. அது கோபமாகத்தான் இருந்தது. "இவனுக்கு ஏன் இந்த வேலை? நல்லாத்தானே போய்க்கிட்டிருந்தது!" என்றான் ஒருவன். ஆனால் எங்கிருந்தோ ஒரு பெண் குரல் கேட்டது. "அப்போ அந்தக் கிணத்தடியில கயிறு பிடிச்சு நின்னது யாரு?"

அமைச்சர் வேர்த்துப்போய் அதிபதியைப் பார்த்தார். "ஆணைகள் எல்லாம் தங்களுடையவை அல்லவா?"

அதிபதி எழுந்தார். அவர் முகத்தில் கொஞ்சமும் கலக்கம் இல்லை. "நானா? நான் எதையும் முடிவு செய்தவன் இல்லை. நீங்கள் வாக்களித்துச் சொன்னதைத்தான் நிறைவேற்றினேன். எல்லாம் உங்கள் முடிவு" என்று கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

பிறகு தெருவாரியாக எல்லாரும் தத்தம் அலுவலரைத் தேடிப்போய், "ஐயா, நாங்களா முடிவு பண்ணினோம்?" என்று கேட்டார்கள். மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாக அலுவலர்கள் சொன்னார்கள்.

இன்னாசியைச் சிறைக்கு அழைத்துப் போகும்படி காவலர் கிரகோரிக்கு உத்தரவாயிற்று. வேறு ஆள் இல்லாததால் வால்வைத் திருகும் இரும்புக் கம்பியையும் கிரகோரியிடமே கொடுத்தார்கள். சிறை வாசல் வரை கிரகோரி கூட்டி வந்தார். அங்கே நின்று குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, கீழத்தெருவில இப்போ தண்ணி வருதா?"

"வருது."

"திரும்ப மூடச் சொல்லித்தான் இதைக் கையில கொடுத்திருக்காங்க. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க. நீங்க சொன்னா அப்படியே செய்யறேன்."

அந்த முகத்தில் இருந்த களைப்பு இன்னாசிக்கு நன்றாகத் தெரிந்த களைப்பு. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டார்.

"என்கிட்ட கேட்காதே, தம்பி" என்றார். "முதல் வீட்டுல அன்னம்மாள்னு ஒருத்தி இருக்கா. மடியில பிள்ளை இருக்கும். போய்ப் பார்த்துட்டு வா."

சொல்லிவிட்டுத் தாமே கம்பிக் கதவைத் தள்ளி உள்ளே போனார்.