மரக்காணத்து வலை

நான் சொன்ன பொய்கள் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கியதில்லை. ஒன்று மட்டும் இத்தனை வருஷமாக எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் சரித்திர வாத்தியார். விழுப்புரத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா கோவிந்தசாமி, ரயில்வேயில் கார்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. 'கோச் வீடு' என்று சொன்னால் ஜட்காக்காரர் நேராக வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

விழுப்புரம் ரயில்வே பாஸ்கெட்பால் டீமை அந்த மனுஷர் வருஷக்கணக்கில் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார். பயிற்சி என்றால் யார்டில் கூட்ஸ் வண்டியோடு கூடவே அவுட்டர் சிக்னல் வரை ஓட வேண்டும். வண்டி முந்திக்கொண்டால் அன்றைக்கு டிபன் கிடையாது. ஆட்டத்தின்போது வாயைத் திறக்க மாட்டார். ஓரமாக நின்று பச்சைக் கொடி காட்டினால் பாய வேண்டும், சிவப்புக் கொடி காட்டினால் நிற்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்தையும் ரயிலைப் போலவே நோட்டில் எழுதுவார். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எத்தனை நிமிடம் தாமதம், என்ன காரணம். 'தாமதம் ஆறு நிமிடம். காரணம்: எருமை.' அவர் கையில் தேறியவர்கள் மெட்ராஸ் வரை போய்க் கோப்பை வாங்கி வந்தார்கள். (தேறாதவர்களில் ஒருத்தர் சாமியாராகப் போய்விட்டதாகக் கேள்வி.)

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் சுவர் பூராவும் பந்தும் கையுமாக ஆட்கள் நிற்கிற போட்டோக்கள்தான். அவற்றுக்கு நடுவே சரசா காபியோடு வந்தாள். டம்ளரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே வாங்கியதில், பாதிக் காபி சட்டையில் கொட்டியது. அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், ஆள் காலி. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த ஈரச் சட்டையோடு முடிவு செய்தேன்.

"தம்பி எந்த கேம் ஆடுவீங்க?" என்று கேட்டார் கோச்.

(சடுகுடு என்று சொல்லியிருக்கலாம். பல்லாங்குழி என்று சொல்லியிருந்தால்கூட அது உண்மையாக இருந்திருக்கும்.)

"பாஸ்கெட்பாலுங்க" என்றேன். அதோடு வாயை மூடியிருந்தால் தேவலை. "எங்க ஸ்கூல் டீமுக்கு நான்தான் கோச்சிங் பண்ணிக்கினு இருக்கேன்."

கோச் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "அடடே! அப்ப இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை எங்க பசங்கள இட்டுக்கினு வர்றேன். உங்க கிரவுண்டுல ஒரு மேட்ச் போட்டுடலாம். ஒரு ஆளு எப்படின்னு ஆட்டத்துலதான் நான் கண்டுபுடிப்பேன். மத்த பேச்செல்லாம் அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்."

எங்கள் பள்ளியில் டீமும் இல்லை, பாஸ்கெட்பால் கிரவுண்டும் இல்லை. இந்த உலகத்தில் பாஸ்கெட்பால் என்று ஒன்று இருப்பதே எங்கள் தலைமையாசிரியருக்கு நான் போய்ச் சொன்னபோதுதான் தெரிந்தது. "மெட்ராஸ்ல எல்லா ஸ்கூல்லயும் இருக்குதுங்க சார்" என்று அவரிடம் இன்னொரு பொய்யைப் போட்டு அனுமதி வாங்கினேன்.

பனைமரத் தண்டு இரண்டை நட்டோம். எட்டாம் வகுப்பில் கழித்துப் போட்ட கரும்பலகைகளை அவற்றில் அறைந்தோம். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுகிற கொல்லர் வளையம் அடித்துக் கொடுத்தார். பாண்டிச்சேரி நண்பன் ஒருத்தன் பந்து ஒன்று அனுப்பினான். டீம்? எங்கள் சடுகுடு டீம்தான். பயல்கள் பந்தைக் கையில் வாங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு 'சடுகுடு சடுகுடு' என்று கிளம்பிவிடுவார்கள். அதை மட்டும் நிறுத்த ஐந்து நாள் ஆயிற்று.

எனக்கு ஒரே ஒரு கவலை. வளையத்துக்குள் போட்ட பந்து பொத்தென்று கீழே விழுந்துகொண்டே இருந்தது. கோச் வீட்டுப் போட்டோக்களில் வளையத்துக்குக் கீழே வலை தொங்கியதே! வலை இல்லாததால்தான் பந்து விழுகிறது என்று கண்டுபிடித்தேன். பையன்களும் "ஆமா சார்" என்றார்கள். (சரித்திரம் படித்தவனுக்குக் காரணகாரியம் பார்க்கிற பழக்கம் உண்டு.)

பஸ் ஏறி மரக்காணம் போனேன். கடலோரத்தில் சிங்காரம் என்பவர் வலை முடைந்துகொண்டிருந்தார். வளையத்தின் அளவை எடுத்துப் போயிருந்த கயிற்றைக் காட்டினேன்.

"இன்னாத்துக்கு சார்?"

"பந்து புடிக்க."

"எதுவானா இன்னா சார், உள்ள வந்தது வெளிய போவக்கூடாது. அவ்ளோதான?"

"அதேதான்" என்றேன். என்ன ஒரு புரிதல் என்று மனசுக்குள் பாராட்டவும் செய்தேன்.

ஆட்டத்தன்று காலையில் சிங்காரமே வலைகளைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, தன் கைவேலையின் அழகைப் பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். விழுப்புரத்து டீம் பாசஞ்சரில் வந்து இறங்கியது. கோச் வெள்ளை யூனிஃபாரத்தில், கையில் இரண்டு கொடி, கழுத்தில் விசில். விதிகள் தெரிந்த வேறு ஆள் இல்லாததால் அவரே அம்பயர். அவர் பின்னால் சரசாவும் அவள் அம்மாவும். நான் டிரில் மாஸ்டரிடம் இரவல் வாங்கிய கால்சட்டையில் இருந்தேன். அவர் இடுப்பில் என்னைப்போல இரண்டு பேர் அடங்குவார்கள். சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. விழுப்புரத்து ஆள் பந்தோடு உள்ளே வந்தான். எங்கள் பையன்கள் நாலு பேர் அவன் கணுக்காலைப் பிடித்து அமுக்கினார்கள். கோச் விசிலடித்து, சிவப்புக் கொடியும் காட்டி, "இன்னா தம்பி இது?" என்றார்.

"டிஃபென்ஸுங்க."

அடுத்த தடவை அந்த ஆள் உஷாராகி, தூரத்திலிருந்தே எறிந்தான். பந்து வளையத்துக்குள் அழகாக இறங்கியது. இறங்கி, வலையில் உட்கார்ந்துகொண்டது.

கிரவுண்டே அண்ணாந்து பார்த்தது. மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவர்கள் உரிப்பதை நிறுத்தினார்கள். தலைமையாசிரியர் மட்டும் எழுந்து கைதட்டினார். "பலே! புடிச்சிருச்சு!" சிங்காரம் சுற்றுமுற்றும் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

"தம்பி" என்றார் கோச், "வலைக்கு அடிப்பக்கம் ஏன் மூடியிருக்குது?"

"புது ரூலுங்க. கோல் விழுந்துச்சா இல்லியான்னு தகராறு வராது பாருங்க."

"பந்து எப்படி எறங்கும்?"

அதை நான் யோசிக்கவில்லை. இருந்ததோ ஒரே பந்து. ஏணியைக் கொண்டுவரச் சொல்லி நானே ஏறினேன். வலைக்குள் வலது கையை விட்டேன். கைக்கடிகாரம் கண்ணியில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், இன்னும் இறுகியது. அந்த நேரம் பார்த்து இடுப்பில் சணல் கயிறு அவிழ்ந்தது. இடது கையால் கால்சட்டையைப் பிடித்தேன். ஏணியைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட வகுத்தல் கணக்கு என் மூக்குக்கு நேரே இருந்தது. பனந்தண்டு மெல்லச் சாய ஆரம்பித்தது.

கோச் ஏணிக்குக் கீழே வந்து நின்றார். "தம்பி, உண்மைய சொல்லுங்க. உங்களுக்கு பாஸ்கெட்பால் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பின்ன ஏன் தெரியும்னீங்க?"

அந்த உயரத்தில் பொய் வரவில்லை. "உங்க பொண்ணு காபி குடுக்கும்போது சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நீங்க ஏரோப்ளேன் ஓட்டுவீங்களான்னு கேட்டிருந்தாலும் ஓட்டுவேன்னுதாங்க சொல்லியிருப்பேன்."

எல்லாரும் கேட்டார்கள். என் மாணவர்களும் கேட்டார்கள். செத்துவிடலாம் போலிருந்தது, ஆனால் அதற்கும் ஒரு கை வேண்டும்.

"அப்பா!" சரசாவின் குரல். "மொதல்ல வலைய அடியில அறுத்துவுட சொல்லுங்க. விசாரணையெல்லாம் அவரு எறங்குனதும் வெச்சுக்கலாம். ஜல்தி!"

"மூணு நாள் ஒக்காந்து முடைஞ்சதும்மா!" என்று சிங்காரம் அலறினார். அவர் இடுப்பிலிருந்த கத்தியைக் கோச்சே வாங்கி, ஏணியில் பாதி ஏறி, அறுத்தார். பந்து, கீழே வந்து அண்ணாந்து நின்ற தலைமையாசிரியரின் தலையில் விழுந்தது; வலை தளர்ந்து என் கையும் விடுபட்டது. பின்னாலேயே ஏணியோடு நானும் சாய்ந்தேன். பையன்கள் அன்று பூராவும் ஒன்றே ஒன்றைத்தான் ஒழுங்காகப் பிடித்தார்கள், என்னை.

சாய்ந்த தண்டை நிமிர்த்தி, இன்னொரு வலையையும் அவிழ்த்துவிட்டு, மிச்ச ஆட்டத்தையும் ஆடினோம். எங்கள் பக்கத்து ஸ்கோரைச் சொல்ல ஒன்றுமில்லை. முடிந்ததும் கோச் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை எடுத்தார். என் பக்கம் திரும்பாமலே எழுத ஆரம்பித்தார். கல்யாணம் கோவிந்தா என்று தலையைக் குனிந்து நின்றேன். அடுத்தவர் காகிதத்தை எட்டிப் பார்க்கிற பழக்கமுள்ள தலைமையாசிரியர், வீங்கிய நெற்றியோடு அவர் தோளுக்கு மேலாக உரக்கப் படித்தார்:

"தாமதம் இருபத்திரண்டு நிமிடம். காரணம்: மாப்பிள்ளை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கால்சட்டையை விட்டுவிட்டுக் கைகூப்பப் போனேன். நல்லவேளை, பையன்கள் தடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் முகூர்த்தம் தள்ளிப் போனாலும், சாம்பார் கொதிக்க நேரமானாலும், ரயிலைத் தவறவிட்டாலும், யாராவது ஒருத்தர் "காரணம்?" என்று கேட்பார்; எல்லாரும் சேர்ந்து என்னைச் சொல்வார்கள். பேரப் பிள்ளைகள் வரைக்கும் இந்தப் பேஜாரு.

சரசா அன்றைக்கே என்னைப் பிடித்த அந்த வலையைக் கேட்டு வாங்கி, சிங்காரத்தை விட்டு அடிப்பக்கத்தை மறுபடி முடையச் சொல்லி எடுத்துப் போனாள். அதுதான் சமையலறை வெங்காயம். எனக்கு எப்போதாவது கோபம் தலைக்கேறி, "நான் எங்கனா போயிடறேன், நீயே குடும்பத்த கட்டி அழு!" என்று கத்துவேன். அவள் கறிகாய் நறுக்குவதை நிறுத்தாமல் கத்தியால் அந்த வலையைக் காட்டுவாள்.

"போங்களேன், பாக்கலாம்! அது மரக்காணத்து வலைங்க."