பன்றித்தொடை ஒப்பந்தம்

நவம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த ஓரியானோ வாய் நிறைய நுரையோடு குளியலறையை விட்டு வெளியே வந்து ஒரு பிரகடனம் செய்தார்.

"இந்த வருஷம் தொடை எனக்குத்தான்!"

அடுப்பில் காபி வைத்துக்கொண்டிருந்த நீவெஸ் திரும்பக்கூட இல்லை. "உன்கிட்ட ஏற்கெனவே ரெண்டு இருக்கே. முதல்ல வாயைக் கொப்புளிச்சிட்டு வா."

அவர் சொன்னது பன்றித்தொடை. வனத்து அந்தோனியார் திருநாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி நடுவில், அவர்கள் ஊரில் பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடக்கும். ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் முதலில் வருபவருக்கு, உப்பில் ஊறி இரண்டு வருடம் தொங்கிய முழுத் தொடை ஒன்றை உள்ளூர் இறைச்சி ஆலை முதலாளி கொடுப்பார். இரண்டாவதாக வருபவருக்கு ஒரு சரம் சாலாமி, அதாவது குடலில் அடைத்து உலர்த்திய பன்றியிறைச்சி. ஓரியானோ இரண்டு வருடமாகச் சாலாமிதான் தின்றுகொண்டிருக்கிறார். முதலிடத்தை ஒரு தபால்காரர் விடுவதாக இல்லை.

"அந்தத் தபால்காரனுக்கு ஜனவரியிலே அம்பத்தஞ்சு ஆகுது. அடுத்த பிரிவுக்குப் போயிடுவான். கிழவன்!"

"உன்னைவிட மூணு வயசுதானே பெரியவன்?"

"அந்த மூணு வயசுக்காகத்தான் நான் காத்துக்கிட்டிருக்கேன்."

ஓரியானோவுக்கு ஓட வரும், நடக்க வரும், நிற்கக்கூட ஓரளவு வரும். உட்கார மட்டும் வராது. செய்தித்தாளை நின்றுகொண்டு படிப்பார். தொலைபேசி வந்தால் பேசி முடிப்பதற்குள் சாப்பாட்டு மேசையை நாற்பது முறை சுற்றிவிடுவார். டைல்ஸ் ஆலையில் அவருக்கென்று போட்ட நாற்காலியில் பதினெட்டு வருடமாக அவருடைய கோட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட மனிதரை ஞாயிறுதோறும் மாமியார் வீட்டில் நாலு மணி நேரம் உட்கார வைத்தால் என்ன ஆவார்? ஓட்டக்காரர் ஆவார். ஆனார்.

மாமியார் ஈரிடே அம்மாள் பக்கத்து ஊரில் தனியாக இருந்தார். விரல்நுனி அளவுக் கொழுக்கட்டை மாதிரி கப்பெல்லெத்தி பிடித்து, கோழிச் சாற்றில் போட்டுக் கொடுப்பார். அதில் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஒவ்வொரு கரண்டிக்கும் கூடவே ஒரு மருந்துக்கடைக்காரரையும் பரிமாறுவார். முப்பது வருடத்துக்கு முன்னால் நீவெஸைப் பெண் கேட்டு வந்து, கிடைக்காமல் போன மனிதர். "அவனுக்கு இப்ப மூணு கடை," என்பார் ஈரிடே. அடுத்த கரண்டியில், "நாலாவது திறக்கப்போறானாம்."

எனவே மூன்று குளிர்காலமாக ஓரியானோ ஞாயிறு காலையில் ஏதாவது ஓர் ஊரில் ஓடிக்கொண்டிருந்தார். நீவெஸ் மட்டும் அம்மா வீட்டுக்குப் போய் வந்தாள். மாலையில் அவர் முடிவுப் பட்டியலைக் கொண்டுவந்து சாப்பாட்டு நேரத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிப்பார். நீவெஸ் தலையாட்டிக்கொண்டே தட்டைக் கழுவுவாள். போன ஜனவரியில் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அது என்ன, 'பெண்கள், அம்பதுக்கு மேல்: பரிசு வழங்கப்படவில்லை'?"

"யாரும் பேர் குடுக்கல. அந்தக் குளிர்ல எந்தப் பொம்பளை வருவா?"

"அப்ப அந்தத் தொடை?"

"முதலாளி திரும்ப எடுத்துட்டுப் போயிட்டார்."

"பாவம்," என்றாள் நீவெஸ். யாரைப் பாவம் என்றாள் என்று அவர் கேட்கவில்லை.

இப்போது, நவம்பரில், அவள் காபியை ஊற்றிவிட்டு அமைதியாகச் சொன்னாள்: "ஓரியானோ, அம்மாவுக்கு எண்பத்தொண்ணு. மூணு வருஷமா உன் நாற்காலி காலியா கிடக்கு. தினமும் ஓடு, நான் கேக்கல. ஞாயித்துக்கிழமை மட்டும் குடு."

"ஞாயித்துக்கிழமைதானே பந்தயம்!"

"அப்ப என்னதான் வழி?"

ஓரியானோவுக்கு அன்று நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. நூடுல்ஸ் பொட்டலத்தின் அட்டையைக் கிழித்தார். பேனாவை எடுத்தார். நின்றபடியே எழுதினார். 'வனத்து அந்தோனியார் ஓட்டத்தில் தொடையை ஜெயித்து இந்த வீட்டுக்குக் கொண்டுவருபவர் சொல்வதே இனி ஞாயிற்றுக்கிழமைச் சட்டம்.'

"இதோ! நான் தொடையோட வந்தா ஞாயிறு எனக்கு. வராட்டி உனக்கு. நியாயம்தானே?"

நீவெஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். "இதுல 'நீ', 'நான்'னு எதுவும் இல்லையே. 'கொண்டுவருபவர்'னுதான் இருக்கு."

"சட்டம்னா அப்படித்தான் எழுதணும்."

"சரி," என்று கையெழுத்துப் போட்டு, பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாய்க்கால் கரையோரம் மூடுபனிக்குள் நுழைந்துவிடுவார். ஊர் நாய்கள் எல்லாம் அவரால் தூக்கம் கெட்டுத் தாமும் மெலிந்துவிட்டன. வெப்பமூட்டிகளின் மேல் அவருடைய ஈரக் காலுறைகள் காய்ந்தன. கற்பூரத் தைல வாசனையில் ரொட்டிகூட மருந்தாக மணத்தது. நூடுல்ஸை எடை போட்டுச் சாப்பிட்டார். காலையில் நாடி பிடித்து எண்ணுவார். நடுவில் நீவெஸ் ஏதாவது கேட்டுவிட்டால் முதலிலிருந்து எண்ணுவார்.

நீவெஸும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். வாரத்தில் மூன்று நாள், மதியம், "அம்மாவைப் பாத்துட்டு வர்றேன்," என்று கிளம்பிப் போவாள். சில நாள் ஓரியானோ வேலையிலிருந்து திரும்பும்போது அவள் இன்னும் வந்திருக்கமாட்டாள். கார் சாவி ஆணியில் தொங்கும். அதை அவர் பார்த்தார். பார்த்ததோடு சரி.

டிசம்பர் பாதியில் பிரிட்ஜ் கதவில், ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில், இன்னொரு சீட்டு முளைத்தது. 'நீவெஸ். இதயப் பரிசோதனை. செவ்வாய், நாலரை மணி.' ஓரியானோ கையில் பால் பாட்டிலோடு அப்படியே நின்றார். பிரிட்ஜ் கதவு திறந்தபடியே இருந்தது.

"நீவெஸ்! என்ன இது?"

"எது?"

"இதயம்!"

"எல்லாருக்கும் இருக்கிறதுதானே."

"விளையாடாதே. உனக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா பாத்து வெச்சுக்கலாம்னு. கதவை மூடு, குளிர் போயிடும்."

செவ்வாய் மாலை அவள் கன்னம் சிவந்து வந்தாள். அவர் வாசலிலேயே காத்திருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"நடக்கச் சொன்னார்," என்றாள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஓரியானோவுக்குப் பயம் வந்தது. உண்மையான பயம். இருபத்தெட்டு வருடமாக அந்த வீட்டில் ஓடியது தான் ஒருவர் மட்டும்தான் என்றும், மற்ற எல்லாம் தானாக நடக்கிறது என்றும் நினைத்திருந்த மனிதர். இப்போது அவள் படியேறும்போது காது கொடுத்துக் கேட்டார். மளிகைப் பையைப் பிடுங்கிக்கொண்டார். சாப்பிட்டதும் தட்டைக் கழுவினார். அவள் தூங்கும்போது மெதுவாக மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினார். எண்ணிக்கை தன்னுடையதைவிட நன்றாக இருந்ததால் இன்னும் பயந்தார். நீவெஸுக்கு இந்த உபசாரம் பிடித்துத்தான் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "இந்த மூலையிலயும் கொஞ்சம் துடைச்சிடு," என்றாள்.

ஓட்டக் கழகத் தலைவர் எர்மெஸ் பால்ய நண்பர். ஒரு காலை வாய்க்கால் கரையில் சேர்ந்து ஓடும்போது ஓரியானோ அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"எங்கடா காட்டினா?" என்றார் எர்மெஸ்.

"நாம வருஷா வருஷம் போவோமே, அதே இடம்தான்."

எர்மெஸுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. குனிந்து நின்று இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"மூடுபனிடா," என்றார். "நீ பேசாம வீட்டுல உக்காந்து அவளைப் பாத்துக்கோயேன்."

"உக்காரத் தெரிஞ்சா நான் ஏன்டா இங்க ஓடிக்கிட்டிருக்கேன்?"

ஆனால் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டார். தொடையை ஜெயிப்பது. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பது. பிறகு, 'இந்தா நீவெஸ், ஞாயிறும் உனக்கே' என்று தானாகவே கொடுத்துவிடுவது. தோற்றுக் கொடுக்கக் கூடாது, ஜெயித்துக் கொடுக்கவேண்டும். அந்தக் காட்சியை ஓடும்போதே இரண்டு முறை ஒத்திகையும் பார்த்துக்கொண்டார்.

பந்தய நாள் காலை, "நீ எழுந்திருக்காதே, போர்த்திப் படு," என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார்.

தேவாலய முற்றத்தில் வழக்கம்போல் பாதிரியார், அந்தோனியார் விலங்குகளின் காவலர் என்பதால், முதலில் குதிரைகளையும், ஆடுகளையும், பெட்டிக்குள் இருந்த முயல்களையும் ஆசீர்வதித்தார். அதே வாளித் தண்ணீரை அடுத்து ஓட்டக்காரர்கள் மேல் தெளித்தார். முன்னூறு பேர் மூடுபனியில் நின்றபடியே குதித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து கிலோமீட்டர் வட்டம், இரண்டு சுற்று. வேட்டு வெடித்தது.

முதல் சுற்றில் ஓரியானோ தன் பிரிவில் இரண்டாவது. ஏழாவது கிலோமீட்டரில், மஞ்சள் தொப்பி போட்ட ஒரு வெளியூர்க்காரனைத் தாண்டினார். இப்போது அவர்தான் முதல். ஒன்பது கிலோமீட்டர் பலகை கடந்தது. மஞ்சள் தொப்பியின் மூச்சு பின்னால் தூரத்தில் கேட்டது. இன்னும் எண்ணூறு மீட்டர். தொடையின் வாசனையே மூக்கில் அடித்தது.

அப்போது மூடுபனிக்குள் ஒரு சிவப்புக் கோட்டு தெரிந்தது. சந்தைக்குப் போடும் கோட்டு. முதுகில் எண் குத்தியிருந்தது. கையை வீசி, கோபமாக நடப்பது போல் ஒரு நடை. அந்த நடையை அவர் இருபத்தெட்டு வருடமாக அறிவார்.

ஓரியானோ நின்றுவிட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக, யாரும் சொல்லாமல், அசையாமல் நின்றார்.

"நீவெஸ்! உனக்கென்ன பைத்தியமா? இதயம்! எங்கடா ஆம்புலன்ஸ்? உக்காரு, முதல்ல இங்க உக்காரு!"

"கையை விடு. எனக்கு இன்னும் ஒரு சுத்து பாக்கி."

"டாக்டர்..."

"டாக்டர்தான் இரும்பு மாதிரி இதயம்னு எழுதிக் குடுத்தார். அந்தக் காகிதம் இல்லாம இந்த ஊர்ல பந்தய நம்பர் குடுப்பாங்களா? நீயே வருஷா வருஷம் போய் வாங்கறியே!"

ஓரியானோவுக்கு அப்போதுதான் உறைத்தது. அதே மையம். அதே பரிசோதனை. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவரே மார்பில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு மிதித்த அதே சைக்கிள். மஞ்சள் தொப்பி அவரைத் தாண்டிப் போனது. இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

நீவெஸும் நின்றாள். அவள் முகம் மாறியது. "நீ நிப்பேன்னு நான் நினைக்கவே இல்ல, ஓரியானோ," என்றாள். "ஓடு. வேர்வை ஆறிடும்."

அவர் ஓடினார். நாலாவதாக வந்தார். நாலாவதுக்குச் சாலாமிகூடக் கிடையாது.

முற்றத்தில் கூட்டம் கலைந்தபின், ஒரு மணி முப்பத்தைந்து நிமிடத்தில் சிவப்புக் கோட்டு பந்தய எல்லையைத் தாண்டியது. எர்மெஸ்தான் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "பெண்கள், அம்பதுக்கு மேல்! முதலிடம், நீவெஸ்! இரண்டாமிடம்... யாரும் இல்லை!" மறுபடி அவருக்கு இருமல். முதலாளி, பல வருடமாகத் திருப்பி எடுத்துப்போன தொடையை, ஒரு வழியாக ஒருவர் கையில் கொடுத்த சந்தோஷத்தில் அவள் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

வீடு வரைக்கும் ஒன்பது கிலோவை ஓரியானோதான் சுமந்தார். வாசல் படியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கொண்டுவருபவர்! சட்டென்று வேகமாகக் காலெடுத்து வைத்தார்.

"குடு இப்படி," என்று நீவெஸ் பிடுங்கிக்கொண்டாள். "ஜெயிச்சுக் கொண்டுவருபவர்னு எழுதியிருக்கே. உன் கையெழுத்துதானே?"

தொடை மேசைமேல் இறங்கியது. அவர் கனவு கண்ட அதே இடம்.

"நான் ஜெயிச்சிருந்தா?" என்றார் பரிதாபமாக.

"ரெண்டு தொடை வந்திருக்கும். பேசித் தீத்துக்கலாம்னுதான் இருந்தேன். நீதான் நின்னுட்டே." அவர் தலையை ஒரு தடவை கோதிவிட்டாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். "இனி ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு அம்மா வீட்டு மேசையில இருக்கணும்."

"அப்ப என் ஓட்டம்?"

"யார் வேணாம்னது? அம்மா வீடு வாய்க்கால் கரையோரமா சரியா பதினோரு கிலோமீட்டர். நான் வாரம் மூணு நாள் நடந்து பாத்திருக்கேன், திரும்பறதுக்குத்தான் பஸ். நீ ஓடியே வந்துடு. நான் கார்ல தொடையை எடுத்துட்டு வர்றேன்."

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு அடிக்க நாலு நிமிடம் இருந்தது. புருவத்தில் பனி உறைந்து, முழங்கால் வரை சேறும், வாழ்நாளிலேயே சிறந்த வேகமுமாக ஓரியானோ மாமியார் வீட்டு மணியை அழுத்தினார். ஈரிடே அம்மாள் கதவைத் திறந்தார். தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார். உள்ளே திரும்பி மகளிடம் சொன்னார்:

"அந்த மருந்துக்கடைக்காரனா இருந்தா கார்லயே வந்திருப்பான்."